ஏற்றுவதையும் சொல்லித் தாருங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்கட்கு,

தங்கள் பத்திரிகையின் மாணவர் பக்கத்தில் வந்துகொண்டிருந்த, வலைப்பக்கம் செய்யப் பழக்கும் தொடர் போன ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்திருக்கிறது. எழுதியவர் யாரோ தெரியாது. பிள்ளைகளோடு இருந்து பழகியவர் என்பது மட்டும் தெரிகிறது. அட்டவணை போடப் பழக்குவதற்குப் பாடசாலை நேரசூசியை எடுத்தாரே, அது நல்ல யோசனை. இங்கே பிள்ளைகள் அந்தப் பகுதிகளை வெட்டிக் கொப்பியில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். பத்திரிகை வாங்காத வீட்டுப் பிள்ளைகள் என்னிடம் வந்து போட்டோக் கொப்பி எடுத்துப் போனார்கள். அந்த வகையில் எனக்கும் நாலு காசு கிடைத்தது, நன்றி.

என் குறை கடைசிப் பந்தியைப் பற்றியது. பக்கம் தயாராகிவிட்டது, இனிச் சேர்வரில் (பக்கங்களை வைத்திருந்து கேட்பவருக்கெல்லாம் அனுப்பும் கொம்பியூட்டரில்) ஏற்றிவிட்டால் உலகம் முழுவதும் பார்க்கலாம் என்று எழுதி, வாழ்த்தும் சொல்லித் தொடரை முடித்துவிட்டீர்கள். எந்தச் சேர்வர், அது எங்கே கிடைக்கும், எதைக்கொண்டு ஏற்றுவது, ஏற்றும்போது என்னென்ன பிழைக்கும் என்பதற்கு ஒரு சொல்லும் இல்லை. கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கிற பிள்ளை பக்கத்து வீட்டு அண்ணாவிடம் கேட்டுக்கொள்ளும். வன்னியில் அந்தப் பிள்ளை யாரிடம் கேட்கும்? என்னிடம்தான் வந்து கேட்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஒட்டுசுட்டானில் கொமினிக்கேசன் கடை வைத்திருப்பவள். பகலில் ரீலோட், போட்டோக் கொப்பி, விண்ணப்பப் படிவம், பாஸ்போர்ட் அளவுப் படம். பின்னேரத்தில் கடையின் பின்பக்கம் இருக்கிற கொம்பியூட்டர்களில் பிள்ளைகளுக்கு வகுப்பு. வருகிறவர்களில் பலர் உயர்தரத்துக்குத் தகவல் தொழினுட்பம் எடுப்பவர்கள். டொமைன் (தளத்தின் பெயர்) என்றால் என்ன, ஹோஸ்டிங் (தளத்துக்குச் சேர்வரில் எடுக்கும் இடம்) என்றால் என்ன என்று கேட்டால் புத்தகத்தில் உள்ளபடி பிசகாமல் எழுதுவார்கள். ஒரு பைலைத் தங்கள் கையால் சேர்வரில் போட்டுப் பார்த்தவர்கள் அருமை. செய்த பக்கம் பென்டிரைவில் கிடக்கும். பிறகு ஒருநாள் தம்பிக்குப் படம் ஏற்ற இடம் போதாமல் அது அழியும்.

முத்தையன்கட்டுப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி வருகிறாள். அவளுடைய அம்மா இருக்கிற மாதர் சங்கம் பனையோலை வேலை செய்கிறது: கடகம், சுளகு, நீத்துப்பெட்டி, பிடி வைத்த கூடைகள். இந்தப் பிள்ளை உங்கள் தொடரைப் பார்த்து அதற்கொரு பக்கம் செய்தாள். சும்மா சொல்லக்கூடாது, வடிவான பக்கம். ஒவ்வொரு பொருளையும் முற்றத்து மணலில் வைத்து, பக்கத்தில் ஒரு தேங்காயையும் வைத்துப் படம் எடுத்திருந்தாள். தேங்காய் ஏன் என்று கேட்டேன். "அளவு தெரியவேணுமெல்லோ அக்கா" என்றாள். தொடர் முடிந்த அன்று பின்னேரமே, ரொறொன்ரோவில் இருக்கும் பெரியம்மாவுக்கு அந்த ஒரு பைலை மட்டும் வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டாள். பெரியம்மாவுக்கு எழுத்துத் தெரிந்தது. படம் இருக்கவேண்டிய இடத்திலெல்லாம் கிழிந்த கடதாசி மாதிரிச் சின்னச் சின்னக் கட்டங்கள். "பிள்ளை, நீத்துப்பெட்டி எங்கை?" என்று குரல் பதிவு வந்ததாம். கடையில் எனக்கும் போட்டுக் காட்டினாள்.

அந்தப் பக்கத்தில் எச்.டி.எம்.எல். (பக்கம் எழுதும் குறிமொழி) பிழை ஒன்றுமே இருக்கவில்லை. உங்கள் தொடர் கற்றுத்தந்ததை எல்லாம் அவள் சரியாகவே செய்திருந்தாள். படங்கள் அவளுடைய லப்டொப்பின் சீ டிரைவில், டெஸ்க்டொப்பில், ஒரு போல்டருக்குள் இருந்தன. பக்கமும் படத்தை அந்த முழு விலாசத்தைச் சொல்லித்தான் கூப்பிட்டது. அந்த விலாசம் அந்த ஒரு லப்டொப்புக்கு மட்டுமே தெரியும். ரொறொன்ரோவில் இருக்கும் போனுக்கு அது எப்படித் தெரியும்? சேர்வரில் ஏற்றியிருந்தாலும் இதே கதைதான். ஏற்றுவதற்கு முன்னமே பக்கம், படம் எல்லாவற்றையும் ஒரே போல்டருக்குள் வைத்து, சீ டிரைவ் என்ற பேச்சே இல்லாமல், போல்டரின் பெயரையும் படத்தின் பெயரையும் மட்டும் சொல்லிக் கூப்பிடப் பழக்கவேண்டும். சரியா என்று பார்க்க ஒரு வழி உண்டு. அந்தப் போல்டரை அப்படியே பென்டிரைவில் போட்டு, வேறொரு கொம்பியூட்டரில் திறந்து பாருங்கள். அங்கே படம் தெரிந்தால் சேர்வரிலும் அநேகமாகத் தெரியும்.

அநேகமாக என்று ஏன் சொல்கிறேன் என்றால், அடுத்த வில்லங்கம் பைலின் பெயரில் இருக்கிறது. எங்கள் கடையிலும் பாடசாலைகளிலும் இருப்பவை விண்டோஸ் கொம்பியூட்டர்கள். ஒரு படத்தின் பெயர் ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருக்கிறதா சின்ன எழுத்தில் இருக்கிறதா என்று விண்டோஸ் பார்ப்பதில்லை. வலைத்தளம் வைத்திருக்கும் சேர்வர்களில் பெரும்பாலானவை விண்டோஸில் அல்ல, லினக்ஸ் என்ற வேறொரு இயங்குதளத்தில் ஓடுபவை. அதற்குப் பெரிய எழுத்து வேறு, சின்ன எழுத்து வேறு. கமெராவில் இருந்தும் சில போன்களில் இருந்தும் வரும் படத்துக்குப் பின்னால் ஜேபிஜி என்பது பெரிய எழுத்தில் இருக்கும். பிள்ளை தன் பக்கத்தில் அதைச் சின்ன எழுத்தில் எழுதியிருக்கும். வீட்டில் படம் தெரியும், சேர்வரில் 404, அதாவது அப்படியொரு பைல் இல்லை, என்று வரும். பிள்ளை இரவு முழுக்க எச்.டி.எம்.எல்.லைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும், அங்கே பிழை இருந்தால்தானே பிடிபட! எனவே எல்லாப் பெயரும் ஆங்கிலச் சின்ன எழுத்தில் இருக்கட்டும். நடுவில் இடைவெளி வேண்டாம், சொற்களைப் பிரிக்க ஒரு சிறு கோடு போதும். தமிழில் பெயர் வைத்தாலும் வேலை செய்யும்தான், ஆனால் அந்த விலாசத்தை ஒருவருக்கு அனுப்பும்போது அது விழுக்காட்டுக் குறிகளும் இலக்கங்களுமாக ஒரு முழ நீளத்துக்குப் போய் நிற்கும். பக்கத்துக்குள்ளே தமிழ் எழுதுங்கள், பைல் பெயரில் வேண்டாம்.

முதல் பக்கத்தின் பெயர் இண்டெக்ஸ் என்று இருக்கவேண்டும் என்பதை உங்கள் தொடர் சொல்லியிருந்தது. ஏன் என்று சொல்லவில்லை. ஒருவர் தளத்தின் பெயரை மட்டும் அடித்து வரும்போது, அந்தப் போல்டரில் இண்டெக்ஸ் என்ற பைல் இருக்கிறதா என்றுதான் சேர்வர் தேடும். இல்லாவிட்டால் 403 என்று கதவைச் சாத்தும், அல்லது உள்ளே கிடக்கும் பைல்களின் பட்டியலை அப்படியே விரித்துக் காட்டும். இரண்டாவது இன்னும் மோசம். நோட்பேட்டில் எழுதும் பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு பொறி இருக்கிறது. இண்டெக்ஸ் எச்.டி.எம்.எல். என்று பெயர் கொடுத்துச் சேமித்தாலும், கீழே வகையை மாற்றாவிட்டால் நோட்பேட் அதன் வாலில் ஒரு டீ.எக்ஸ்.டீ.யை ஒட்டிவிடும். விண்டோஸ் அந்த வாலை மறைத்தும் வைத்துவிடும். போல்டரைத் திறந்து, மேலே இருக்கும் வியூ மெனுவில் பைல் நேம் எக்ஸ்டென்சன்ஸ் என்ற கட்டத்துக்குச் சரி போட்டால் எல்லாம் வெளிச்சமாகும். ஒவ்வொரு புதுப் பிள்ளையும் என் கடையில் முதலில் செய்யும் வேலை அதுதான்.

பாமினி எழுத்துருவைப் பற்றியும் சொல்லவேண்டும், வன்னியில் அதை விட்டுவிட்டுப் போக முடியாது. சங்கங்களின் அறிக்கை, கோயில் நோட்டீஸ், பாடசாலை மலர் எல்லாம் இன்றைக்கும் பாமினியில்தான் அடிக்கப்படுகின்றன. நானே அடித்துக் கொடுக்கிறேன். அச்சில் அது ஒன்றும் செய்யாது. ஆனால் பாமினி என்பது ஆங்கில எழுத்துகளுக்கு மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திய எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாத போனில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். சங்க அறிக்கையை அப்படியே வெட்டி வலைப்பக்கத்தில் ஒட்டினால் வெளியில் இருப்பவருக்கு வாசிக்கக் கிடைப்பது அதுதான். முதலில் எல்லாக் கருவிக்கும் பொதுவான யூனிகோடுக்கு மாற்றவேண்டும், பக்கத்தின் தலைப்பகுதியில் யூ.டி.எஃப்.-8 (யூனிகோடைச் சேமிக்கும் முறை) என்று எழுதவேண்டும். சேமிக்கும்போதும் யூ.டி.எஃப்.-8 ஆகச் சேமிக்கவேண்டும். பழைய விண்டோஸில் நோட்பேட் தன்பாட்டில் ஆன்சி என்ற முறையில் சேமிக்கும், வருகிற எச்சரிக்கையை வாசிக்காமல் ஓகே கொடுத்தால் தமிழ் முழுவதும் கேள்விக்குறி. 2019 மே மாதத்தில் இருந்து வந்த விண்டோஸ் 10 பதிப்புகளில் இது திருத்தப்பட்டுவிட்டது. எங்கள் பக்கத்துக் கொம்பியூட்டர்களில் எத்தனை அதற்கும் முந்தியவை என்பதை உங்கள் கட்டுரையாளர் ஒருமுறை வந்து பார்க்கட்டும்.

இவ்வளவும் சரியான பிறகுதான் ஏற்றும் வேலை.

ஹோஸ்டிங் வாங்கினால் அந்த நிறுவனத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வரும். பலர் அதைப் பற்றுச்சீட்டு என்று நினைத்து மூடிவிடுகிறார்கள். உண்மையில் அதற்குள்தான் எல்லாம் இருக்கிறது: சேர்வரின் பெயர், யூசர்நேம், பாஸ்வேர்ட், போர்ட் இலக்கம் (சேர்வரின் எந்த வாசலால் போவது என்ற இலக்கம்). பைல்களைச் சேர்வருக்கு ஏற்ற ஃபைல்சில்லா என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. அதைத் திறந்தால் மேலே வரிசையாக நாலு பெட்டி, இந்த நாலையும் அந்த நாலு பெட்டியில் போட்டால் போதும். இடப்பக்கம் தெரிவது உங்கள் கொம்பியூட்டர், வலப்பக்கம் தெரிவது சேர்வர். வலப்பக்கத்தில் பப்ளிக் எச்.டி.எம்.எல். என்று ஒரு போல்டர் இருக்கும், சில இடங்களில் அதன் பெயர் எச்.டி.டொக்ஸ். அதை இரண்டு தரம் கிளிக் பண்ணி உள்ளே போனபிறகுதான் இடப்பக்கத்துப் பைல்களை இழுத்துவிட வேண்டும். வெளியில் விட்டால் பைல் சேர்வரில் இருக்கும், ஆனால் உலகத்துக்குத் தெரியாது. இழுக்கும்போது வீட்டில் இருக்கும் போல்டரை முழுதாக இழுக்காமல், அதற்குள் இருப்பவற்றை மட்டும் தெரிவுசெய்து இழுக்கவேண்டும். முழுப் போல்டரையும் இழுத்தால் தளத்தின் பெயருக்குப் பின்னால் அந்தப் போல்டரின் பெயரையும் அடித்தால்தான் பக்கம் வரும்.

ஃபைல்சில்லா பைல்களை ஏற்றுவது எஃப்.டி.பி. என்ற முறையில். இந்த முறையின் வயது பலருக்கும் தெரியாது. வலைப்பக்கம் என்ற ஒன்று பிறப்பதற்குப் பல ஆண்டுகள் முந்தி, 1971இல், அபே பூஷன் என்பவர் எழுதியது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்துவிட்டு அமெரிக்காவில் எம்.ஐ.டி.க்குப் போனவர். அந்தக் காலத்தில் வலையமைப்பில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள், எனவே பாஸ்வேர்ட் மூடாமல் கொள்ளாமல் அப்படியே கம்பியில் போகும். இன்றைக்கும் வெறும் எஃப்.டி.பி.யில் அப்படித்தான் போகிறது. கடை வைஃபையில் இருந்துகொண்டு அதைச் செய்யவேண்டாம். எஸ்.எஃப்.டி.பி. என்ற முறையைத் தெரிவுசெய்து போர்ட் 22 என்று போட்டால் எல்லாம் பூட்டிய நிலையில் போகும். நிறுவனம் எஸ்.எஃப்.டி.பி. தராவிட்டால் டி.எல்.எஸ். என்ற பூட்டுச் சேர்த்த எஃப்.டி.பி.யாவது தரும், கேட்டு வாங்குங்கள். பழைய ரியூட் (வகுப்புக் குறிப்பு) ஒன்றில், உலாவியிலேயே எஃப்.டி.பி. விலாசத்தை அடித்துத் திறக்கலாம் என்று இருக்கிறது. குரோமும் ஃபயர்ஃபொக்ஸும் 2021இலேயே அந்தக் கதவைப் பூட்டிவிட்டன. அந்த ரியூட்டைப் படித்துவிட்டு வந்து கொம்பியூட்டர் பழுது என்று என்னோடு சண்டை பிடிக்கிற பெடியளும் உண்டு.

இன்னொன்று, கடைக் கொம்பியூட்டரில் செய்யும் பிள்ளைகளுக்கு. ஃபைல்சில்லாவின் விரைவு இணைப்பு நீங்கள் போட்டதை நினைவில் வைத்துக்கொள்ளும். எழுந்து போகுமுன் எடிட் மெனுவில் இருக்கும் கிளியர் பிரைவேட் டேட்டா என்பதை அழுத்திவிட்டுப் போங்கள். இல்லையென்றால் அடுத்து வந்து குந்துகிறவருக்கு உங்கள் தளத்தின் திறப்பை மேசையில் வைத்துவிட்டுப் போன மாதிரி. நான் பின்னேரம் கடை பூட்டும்போது எல்லாக் கொம்பியூட்டரிலும் ஒருமுறை அழித்துவிடுகிறேன், ஆனால் எல்லாக் கடையிலும் செய்வார்கள் என்று நம்பியிருக்க முடியாது.

சிக்னல் கதைக்கு வருகிறேன். எங்களுக்கு இணையம் என்பது பெரும்பாலும் போன் டேட்டாதான். இறங்குகிற வேகம் ஏறும்போது கிடைக்காது, பின்னேரமானால் இன்னும் இழுபடும், நடுவில் கரண்டும் போகும். போன் எடுக்கும் படம் ஒன்று 4, 5 எம்.பி. வரும். 30 படம் என்றால் 120 எம்.பி.க்குக் குறையாது. அதே படங்களை 1200 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கினால் ஒவ்வொன்றும் 200 கே.பி. அளவுக்கு வரும், மொத்தம் 6 எம்.பி. பார்க்கிறவர் போனில்தான் பார்க்கப்போகிறார், அவருக்கு வித்தியாசம் தெரியாது. ஏற்றுகிற நம் டேட்டாவும் மிச்சம், திறக்கிற அவர் டேட்டாவும் மிச்சம். இணைப்பு நடுவில் அறுந்தால் சேர்வரில் அரைகுறைப் பைல் கிடக்கும், பாதிப் படம் தெரிந்து மீதி சாம்பல் நிறமாக இருந்தால் அதுதான் காரணம். ஃபைல்சில்லாவின் அடிப்பக்கத்தில் தோல்வியடைந்தவை என்று ஒரு வரிசை வரும், அதைப் பாராமல் மூடவேண்டாம்.

சீ பேனல் (உலாவியிலேயே தளத்தை நிர்வகிக்கும் பலகை) இருக்கிற ஹோஸ்டிங் என்றால் ஃபைல்சில்லாவே தேவையில்லை. உலாவியில் ஃபைல் மனேஜரைத் திறந்து, எல்லாவற்றையும் ஒரு சிப் பைலாகக் கட்டி ஏற்றி, அங்கேயே அவிழ்க்கலாம். அறுபது சின்னப் பைலை ஏற்றுவதைவிட ஒரு பைலை ஏற்றுவது எங்கள் சிக்னலுக்குத் தோது. அவிழ்த்தபிறகு அந்தச் சிப்பை அழித்துவிடவேண்டும். திருத்தி ஏற்றியும் பழைய பக்கமே தெரிந்தால் பதறவேண்டாம், உலாவி தான் முன்பு எடுத்து வைத்ததைக் காட்டுகிறது. கொம்பியூட்டரில் கொன்ட்ரோலை அமத்திக்கொண்டு எஃப்5, போனில் மறைவுச் சாளரம் (இன்கொக்னிட்டோ).

காசு கொடுத்து ஹோஸ்டிங் வாங்க எல்லாராலும் முடியாது, மாணவர்களுக்குத் தேவையும் இல்லை. கிட்ஹப் பேஜஸ் என்ற ஹோஸ்டிங் 2008இல் இருந்து இலவசமாகவே இருக்கிறது. கணக்கொன்று தொடங்கி, உலாவியிலேயே பைல்களை இழுத்துப் போட்டு, செட்டிங்ஸில் பேஜஸ் என்பதைத் திறந்துவிட்டால் சிறிது நேரத்தில் பக்கம் வந்துவிடும். பூட்டுப் படம் என்று சொல்லும் பாதுகாப்பான இணைப்போடு வரும். பி.எச்.பி. போல் சேர்வரில் ஓடும் நிரல்கள் ஓடா, வெறும் பக்கங்கள் மட்டும்தான். இலவசக் கணக்கில் அங்கே போட்டதை யாரும் பார்க்கலாம், அழித்தாலும் பழைய பதிப்பு வரலாற்றில் கிடக்கும். எனவே அடையாள அட்டை இலக்கம், வீட்டு விலாசம் போன்றவற்றை அதில் போடக்கூடாது. நீத்துப்பெட்டிப் பிள்ளையின் பக்கம் இப்போது அங்கேதான் இருக்கிறது. பெரியம்மா பார்த்துவிட்டு, தேங்காயும் விலைக்கா என்று கேட்டிருக்கிறார்.

இந்த வேலையை எங்கள் பிள்ளைகளே பழகவேண்டும் என்று நான் ஏன் அடம்பிடிக்கிறேன் என்று கேட்பீர்கள். எங்கள் பக்கத்துக் கோயில் ஒன்றுக்கு வலைத்தளம் இருந்தது. திருவிழாப் படம், அன்னதானக் கணக்கு, திருப்பணிக்குக் காசு அனுப்பியவர்களின் பட்டியல் எல்லாம் அதில் இருந்தன. செய்து கொடுத்தவர் வருடாவருடம் ஒரு தொகை வாங்கினார். நல்ல மனுசன்தான், வேலையும் சுத்தம். ஒருநாள் வெளிநாடு போய்விட்டார். டொமைன் அவருடைய பெயரில், மின்னஞ்சல் அவருடையது, பாஸ்வேர்டும் அவரிடம். புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதமெல்லாம் அவருக்கே போயிருக்கின்றன. தளம் மூடிக்கொண்டது. செயலாளர் ஐயா என் கடைக்கு வந்து, "பிள்ளை, காசு நாங்கள் கட்டினது, அப்ப அது எங்கடைதானே?" என்று கேட்டார். வன்னியில் காணிப் பிரச்சினை தெரியாதவர் இல்லை, அதனால் காணியை வைத்தே விளக்கினேன்: குடியிருந்தது நீங்கள், உறுதி இன்னொருவர் பெயரில். உடனே விளங்கிக்கொண்டார். விளங்கி என்ன, படங்கள் போனது போனதுதான். அவற்றின் பிரதி ஒருவரிடமும் இருக்கவில்லை.

எனவே யார் செய்து கொடுத்தாலும், டொமைன் சங்கத்தின் பெயரிலும் சங்கத்தின் மின்னஞ்சலிலும் பதிவாகியிருக்கவேண்டும். டொட் எல்.கே. என்று முடியும் பெயர்களையும், டொட் இலங்கை என்று தமிழிலேயே முடியும் பெயர்களையும் எல்.கே. டொமைன் பதிவகம்தான் வழங்குகிறது. பின்னது 2010இலேயே வந்துவிட்டது, பாவிப்போர் குறைவு. சேர்வரில் இருக்கும் பைல்களின் முழுப் பிரதி ஒன்று உள்ளூரிலும் இருக்கவேண்டும். ஃபைல்சில்லாவில் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு இழுத்தால் அந்தப் பிரதி கையில். 2009இற்குப் பிறகு ஊர் திரும்பியவர்களில் கல்யாண அல்பம் மிஞ்சியவர்கள் எத்தனை பேர்? பிறப்பத்தாட்சிப் பத்திரப் பிரதிக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தே என் கடை முதலில் நிமிர்ந்தது. இங்கே இருக்கும் எவருக்கும் இரண்டாவது பிரதி ஏன் என்று விளக்கத் தேவையில்லை. எப்படி எடுப்பது என்று மட்டும் காட்டினால் போதும். பூட்டுப் படத்துக்கென்று சில இடங்களில் தனியாகக் காசு கேட்கிறார்களாம். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு 2016இல் இருந்து அந்தச் சான்றிதழை எல்லாருக்கும் இலவசமாகவே கொடுக்கிறது. சிறு சங்கத் தளம் ஒன்றுக்கு எதற்குக் காசு என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கட்டும்.

இனி நான் கேட்பது. தொடரை முடித்தது முடித்ததாக இருக்கட்டும், பின்னிணைப்பாக இரண்டு வாரமாவது ஏற்றுவதைப் பற்றி எழுதுங்கள். உங்கள் பத்திரிகையின் இணையப் பதிப்பை ஒவ்வொரு நாளும் ஏற்றுகிறவர் ஒருவர் அலுவலகத்தில் இருப்பார்தானே, அவரைக்கொண்டே எழுதிவித்தால் இன்னும் நல்லது. கொம்பியூட்டர் திரையைப் பிடித்த படங்களைப் பெரிதாகப் போடுங்கள். போன முறை கட்டளைகள் இருந்த படம் தபால் முத்திரை அளவில் அச்சாகியிருந்தது, போட்டோக் கொப்பியில் பெருப்பித்தும் எழுத்துத் தெரியவில்லை. பிழை இலக்கங்களைத் தனியாக ஒரு பெட்டியில் தாருங்கள்: 404 என்றால் அந்தப் பெயரில் பைல் இல்லை, 403 என்றால் இண்டெக்ஸ் இல்லை அல்லது அனுமதி பிழை, 530 என்றால் யூசர்நேமோ பாஸ்வேர்டோ பிழை. பைலுக்கு 644, போல்டருக்கு 755 என்ற அனுமதி இலக்கங்களையும் அதிலேயே சேர்க்கலாம், விளக்கம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. வவுனியாவிலும் 2021இல் இருந்து தனிப் பல்கலைக்கழகம். அங்கே படிக்கும் பிள்ளைகளுக்கு இந்த வேலை கை வந்த வேலை. சனிக்கிழமைகளில் மாங்குளத்துக்கோ மல்லாவிக்கோ புதுக்குடியிருப்புக்கோ வந்து ஒரு மண்டபத்தில் அரைநாள் இருந்தால், சங்கத்துக்கொருவர் பழகிக்கொண்டு போவார்கள். பத்திரிகையின் பெயரில் அழைப்பு விடுத்தால் வருவார்கள் என்று நினைக்கிறேன். கொம்பியூட்டர் குறைந்தால் என் கடையிலிருப்பவற்றைக் கொண்டுவரலாம். ஏற்றியிறக்கும் ஓட்டோக் காசை மட்டும் யாராவது பொறுக்கவேண்டும்.

கடிதம் நீண்டுவிட்டது, முழுவதும் போட இடம் இருக்காது என்று தெரியும். வெட்டுவதென்றால் கோயில் கதையை வெட்டுங்கள், ஊரில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். பெரிய எழுத்து சின்ன எழுத்துப் பந்தியில் மட்டும் கைவைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
கொமினிக்கேசன் கடைக்காரி,
ஒட்டுசுட்டான்.